நின்ற வண்டிகள்

என் வாழ்க்கையில் நான் செய்த மொழிபெயர்ப்பு ஒன்றே ஒன்றுதான். அதில் முக்கியமான சொல் இரண்டு. அதிலும் கோட்டை விட்டேன்.

அப்போது நாங்கள் மத்திகிரியில், கால்நடைப் பண்ணைக்குப் போகும் சாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நானும் கணவரும் விருதுநகர்ப் பக்கம். அவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை கிடைத்ததால் ஓசூர் வந்து சேர்ந்தோம். எனக்குக் கிருஷ்ணகிரி போகும் வழியில் ஒரு பொறியியல் கல்லூரியில் திட்ட உதவியாளர் வேலை. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை அது. புதுப்பிக்கும் மாதம் நெருங்க நெருங்க வேறு வேலை விளம்பரங்களைத் தேட ஆரம்பித்துவிடுவேன். அந்த வருடமும் அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

கல்லூரிக்கு வந்திருந்த வேலை இதுதான். பாகலூர் சாலை வந்து பெரிய சாலையில் சேரும் முனையில் புதிதாக ஒரு சிக்னல் வைத்திருந்தார்கள். பழைய சிக்னலுக்குக் கண் கிடையாது. வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறை வந்தால்தான் பச்சை. புதியது அப்படியில்லை. சாலைக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்து, எந்தப் பக்கம் வரிசை நீளம் என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். இன்னும் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று மேலே ஒரு பலகையில் எண் குறைந்துகொண்டே வரும். ஊரில் அதற்கு 'மூளை வெச்ச சிக்னல்' என்று பெயர். இந்த மூளையால் வண்டிப் புகை எவ்வளவு குறைந்தது, காற்றில் கலக்கும் கரியமில வாயு எவ்வளவு மிச்சம் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

புகையைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். சிவப்பு விழுந்தபோது எத்தனை வண்டி நின்றது, எத்தனை நொடி நின்றது என்று எண்ணுவோம். நின்ற இடத்தில் நின்றபடி ஓடும் லாரி எஞ்சின் எவ்வளவு டீசல் குடிக்கும், பஸ் எவ்வளவு, பைக் எவ்வளவு என்பதற்கு அட்டவணை இருக்கிறது. பெருக்கினால் எரிபொருள் வரும், எரிபொருளிலிருந்து கரியமில வாயு வரும். புது சிக்னலுக்கு முன் ஒரு கணக்கு, பின் ஒரு கணக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை.

முதல் கணக்கை எங்கள் கல்லூரி மாணவர்கள் எடுத்தார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டாவது கணக்கு எடுக்க வேண்டிய வாரத்தில் அவர்களுக்குத் தேர்வு வந்துவிட்டது. துறைத் தலைவர், எல்லோருக்கும் அவர் வெறும் 'சார்'தான், உள்ளூர் ஆட்களை வைத்து எடுக்கச் சொன்னார். "படிவத்தைத் தமிழ்ல மாத்திடுங்க. அப்புறம் எல்லாரையும் முனைக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் எண்ண வெச்சுப் பாருங்க. ஒரே வண்டிய எல்லாரும் ஒரே மாதிரி எழுதறாங்களான்னு பாக்கணும்" என்றார்.

படிவத்தை மாற்ற எனக்கு அரை மணி நேரம் ஆனது. மாணவர்கள் 'ஸ்டாப்ட் வெஹிகிள்ஸ்' என்று எண்ணிய கட்டத்துக்கு மேலே 'நின்ற வண்டிகள்' என்று எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. சார் சொன்ன அந்த ஒரு மணி நேரம்தான் நடக்கவில்லை. அன்று மழை தூறியது, எனக்குத் தலைவலி. கணக்கெடுக்க வந்த ஆறு பேருக்கும் தெரியாதா என்ன, வண்டி நிற்பதைப் பார்த்து எழுதுவதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். கல்லூரி வராந்தாவிலேயே பத்து நிமிடம் விளக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அறிக்கையில் மட்டும் 'முன்னோட்டக் கணக்கெடுப்பு நடந்தது' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை யோசிக்காமலே தட்டச்சு செய்தேன் என்பதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது.

பாகலூர் சாலைப் பக்கம் நின்ற வண்டிகளை எண்ணும் வேலை ஒரு பெண்ணுக்குப் போனது; மற்ற ஐந்து பேருக்கு நொடிகளையும் பச்சையில் கடந்துபோகிற வண்டிகளையும் குறிக்கும் வேலை. என் வயதுதான் இருக்கும். பாகலூருக்கு அந்தப் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டிய கிராமம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் லைனில் நின்று வேலை பார்த்தவர். எட்டு மணி நேரமும் நின்றபடியே செய்கிற வேலை. காலில் நரம்பு சுருண்டு வீங்கிவிட்டது. இனி நிற்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொன்னதால் விட்டுவிட்டார். முதல் நாளே மடக்கு நாற்காலி ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்துவிட்டார்.

அவர் இந்தக் கணக்கெடுப்புக்கு வந்தது எங்கள் ஐந்து நாள் வேலைக்காக இல்லை. இதே மாதிரி சிக்னல்கள் இன்னும் பல முனைகளில் வரும் என்றும், எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொள்ள ஓசூரில் ஒரு கட்டுப்பாட்டு அறை திறப்பார்கள் என்றும் பேச்சு இருந்தது. அதற்கு ஆள் எடுக்கும்போது, கணக்கெடுப்பை நன்றாகச் செய்தவர்கள் பெயரைச் சான்றிதழோடு அனுப்பச் சொல்லியிருந்தார், எங்களிடம் இந்தப் புகைக் கணக்கைக் கேட்ட அரசு அதிகாரி. நான் அதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"உக்காந்துனு பாக்கற வேலைங்களா மேடம்?"

"ஆமாங்க. உக்காந்துதான்."

"அப்ப நான் பண்ணிடுவேன்."

ஐந்து நாளும் அவர்தான் முதலில் வந்தார், கடைசியில் போனார். அவர் தாள்களில் அடித்தல் திருத்தலே இல்லை. சில எண்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளி வைத்திருந்தார். அது என்ன என்று நான் கேட்கவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நின்ற வண்டிகள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. கரியமில வாயுவும் கூடவே இறங்கியது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வழக்கமாக எதையும் எளிதில் நம்பாத மனிதர், அன்று எனக்கு டீ வாங்கித் தந்தார். சுருக்கத்தை அன்றே அதிகாரிக்கு அனுப்பினோம். மறு வாரம் கல்லூரிக்கே வந்து கேட்கிறேன் என்றும், சான்றிதழ்களையும் தானே கொடுக்கிறேன் என்றும் பதில் வந்தது. என் வேலை புதுப்பிப்பைப் பற்றி சார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த டீயிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் கணவர் வர நேரமானது. வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு, சட்டையெல்லாம் நனைந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"என்னத்தச் சொல்ல. உன் சிக்னல்லதான். வண்டி நின்னுபோச்சு."

நான் அந்த வாரம் முழுவதும் அந்த எண்களிலேயே குடியிருந்தேன். அதனால் யோசிக்காமல் கேட்டேன். "எத்தனை நொடி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நொடியா? நின்னுபோச்சுங்கிறேன், நொடி கேக்குற. அங்கிருந்து மத்திகிரி வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டேன்.

வண்டி நின்றுவிட்டது என்றால் சாலையில் நின்றுவிட்டது என்றும் அர்த்தம். எஞ்சின் நின்றுவிட்டது என்றும் அர்த்தம். வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால் "வண்டி ஓடிக்கிட்டு இருக்கு, நிப்பாட்டுங்க" என்றுதான் நானே தினமும் கணவரைக் கத்துகிறேன். தினமும் வாயில் வருகிற பேச்சு, பேனா எடுத்தபோது எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தப் பெண் எதை எண்ணினார்? நின்ற வண்டியையா, நின்றுபோன வண்டியையா?

அவரிடம் செல்போன் கிடையாது. ஊரில் ஒரு பெட்டிக்கடை நம்பர் கொடுத்திருந்தார். கூப்பிட்டேன். கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு ஆளை அனுப்பினார். கால் மணி நேரம் கழித்து மிஸ்டு கால் வந்தது. மறுபடி கூப்பிட்டேன்.

"ஏங்க, ஒரு பஸ் சிவப்புக்கு நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. டிரைவர் எஞ்சினை ஆஃப் பண்ணல. அதை எழுதினீங்களா?"

"அத்த எதுக்கு மேடம் எழுதறது? அது ஓடினு இருக்குதே."

"நிக்குதுல்ல?"

"இல்ல மேடம். ஓடினு இருக்கற வண்டிய நின்ன வண்டின்னு எப்படி எழுதறது? சாவிய திருப்பி நின்னுப்போனத மட்டும்தான் எழுதினேன். நீங்க புகைக் கணக்குன்னு சொன்னீங்களே. ஓடினாதானே மேடம் புகை?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. நாங்கள் எம்.இ. வரை படித்துவிட்டு, சிவப்பில் நிற்கும் எல்லா வண்டியும் புகை விடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தோம். அவர் புகையை நினைத்து எண்ணியிருக்கிறார். ஆனால் முதல் கணக்கில் மாணவர்கள் எண்ணியது வேறு, இரண்டாவதில் இவர் எண்ணியது வேறு. இரண்டையும் கழித்து விடை சொல்வது காலையில் அளந்த உயரத்திலிருந்து மாலையில் பார்த்த எடையைக் கழிப்பது மாதிரி. அந்த விடைதான் நாளைக்குப் பதினொரு மணிக்குத் திரையில் வரப்போகிறது.

"ஏன் மேடம், தப்பா எழுதிட்டனா?" என்றார். நாளைக்கு அவர் சான்றிதழ் வாங்கப்போவது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். குரலில் அது தெரிந்தது.

"காலைல ஏழு மணிக்கு முனைக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

காலையில் பனி இன்னும் விலகவில்லை. பாகலூரிலிருந்து முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிய டெம்போக்கள், கம்பெனி பஸ்கள், கர்நாடக நம்பர் லாரிகள் எல்லாம் பாகலூர் சாலையில் முட்டிக்கொண்டிருந்தன. அவர் பட்டுச்சேலையில், தலையில் ரோஜாவோடு, கையில் மடக்கு நாற்காலியோடு வந்து நின்றார். சான்றிதழ் வாங்கத் தயாராகவே வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே வரிசையை எண்ணினோம். நான் நின்ற எல்லா வண்டியையும், அவர் நின்றுபோன வண்டியை மட்டும்.

ஒரு மணி நேரம் போதும், விஷயம் விளங்கிவிட்டது. சிவப்பில் நிற்கும் வண்டிகள் பழைய கணக்குக்குக் கொஞ்சம்தான் கீழே. மூளை வைத்த சிக்னல் ஏதோ செய்திருந்தது, ஆனால் நாங்கள் டீ குடித்துக் கொண்டாடிய அளவுக்கு இல்லை. அவர் எண்ணுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு வெட்கம் அதிகமானது. எஞ்சின் நின்றதா என்பதைச் சத்தத்தை வைத்து அவர் முடிவு செய்யவில்லை, அந்த இரைச்சலில் அது முடியவும் முடியாது. டிரைவரின் கை சாவியில் இருக்கிறதா, புகைக்குழாய் நடுங்குகிறதா என்று பார்த்தார்.

"இந்தப் புள்ளி என்னங்க?" என்று அன்றுதான் கேட்டேன்.

"அது பலகையப் பாத்து நிப்பாட்டினது மேடம். நெறைய நொடி இருக்குதுன்னா பைக்காரங்க நிப்பாட்டிடறாங்க. கொஞ்சமா இருந்தா மாட்டாங்க. லாரிக்காரங்க எப்பவும் நிப்பாட்ட மாட்டாங்க. செல்ஃப் எடுக்காது, நடு ரோட்டுல மாட்டிக்குவோம்னு பயம். கேட்டேன், சொன்னாங்கோ."

லாரி டிரைவர்களிடம் கன்னடத்தில் கேட்டிருக்கிறார். யாரும் கேட்கச் சொல்லவில்லை. மொத்தக் கல்லூரியும் சேர்ந்து யோசிக்காத ஒன்றை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இவர் எழுதி வைத்திருந்தார்.

பத்தரைக்கு சார் அறைக்குப் போனேன். இரண்டு தாளையும் மேசையில் வைத்துச் சொன்னேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

"முன்னோட்டத்துல இது தெரிஞ்சிருக்கணுமே" என்றார் கடைசியில். "ஒரு மணி நேரம் எண்ண வெச்சீங்களே, அப்ப அந்தம்மா எப்படி எழுதினாங்க?"

இதுதான் அந்த இடம். நடக்கவில்லை சார், நான் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாலைந்து சொல். புதுப்பிப்புக் கடிதம் அவர் மேசையில், அதே தாள்களுக்குப் பக்கத்தில், கையெழுத்துக்காகக் காத்திருப்பது கண்ணில் பட்டது.

"தப்பு நடந்துடுச்சு சார்" என்றேன்.

அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது கூட்டத்தில்தான் தெரிந்தது. அதிகாரி முன்வரிசையில். பின்வரிசையில் சான்றிதழ் வாங்க வந்த ஆறு பேர், அதில் பட்டுச்சேலையில் அவர். சார் எழுந்து நேர்மையாகவே சொன்னார். சுருக்கத்தில் அனுப்பிய எண்கள் சரியில்லை, கணக்கெடுத்தவர் ஒருவர் படிவத்தைப் புரிந்துகொள்ளாமல் எண்ணிவிட்டார், காலையில் சரிபார்த்தோம், குறைவு கொஞ்சம்தான், மீண்டும் எண்ணித் தருகிறோம் என்றார்.

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. "நான் மேல அனுப்பிட்டேனே சார். யார் எண்ணினது?"

சார் என்னைப் பார்த்தார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பின்வரிசைப் பக்கம் நான் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

"பாகலூர் சாலைப் பக்கம் சார்" என்றேன். "கணக்கெடுப்புல ஒரு தப்பு நடந்துடுச்சு."

பாகலூர் சாலைப் பக்கம் எண்ணியவர் யார் என்று தாளிலேயே பெயர் இருந்தது. யாரும் தேட வேண்டிய அவசியமில்லை. சான்றிதழ் கொடுக்கும் நேரம் வந்தபோது ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள்.

கூட்டம் முடிந்து கீழே இறங்கினேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் அவர் நாற்காலியை மடக்கிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்.

"தப்பு நடந்துடுச்சு, தப்பு நடந்துடுச்சுன்னீங்களே மேடம். அது தானா நடந்து வந்துச்சா?"

அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் அந்தக் கொட்டகையிலேயே நின்றேன். அவமானம் என்றால் என்ன என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பிறர் நம்மைத் திட்டும்போது வருவது அவமானம் இல்லை, கோபம். அவமானம் வேறு. அது நாம் பேசிய தமிழை ஒருவர் நமக்கே திருப்பிச் சொல்லிக் காட்டும்போது வருகிறது.

உடனே மேலே ஏறிப் போனேன், இவ்வளவு நேரம் கழித்து வந்த வீரம். படிவத்துக்குத் தலைப்பு எழுதினது நான், முன்னோட்டம் நடத்தாமல் நடத்தியதாக எழுதினதும் நான், அந்தம்மா மேல் பிழையில்லை என்று சாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. களைத்துப்போன மாதிரி இருந்தார்.

"எழுத்துல கொடுங்க" என்றார். "வாய்ல சொன்னா நான் எதை வெச்சுத் திருத்தறது? கன்ட்ரோல் ரூமுக்கான பேர் பட்டியல் நாளன்னிக்குப் போகுது. அதுக்குள்ள கொடுங்க."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் சொல் 'நான்'. அதற்குப் பிறகு பேனா ஓடவில்லை. எழுத்தில் பொய் சொன்னேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் வேலை போகும், இந்த ஊரில் வேறு எங்கே கேட்பது, கணவர் சம்பளத்தில் வாடகை போக என்ன மிஞ்சும் என்று ஒரு நாள் போயிற்று. ஒருவழியாக எழுதியதைக் கணவர் படித்துப் பார்த்துவிட்டு "கொடுத்துட்டு வா. போனா போகுது" என்றார். அப்புறமும் வார்த்தைகளை மென்மையாக்குகிறேன் என்று இன்னொரு நாள் போக்கினேன். மூன்றாம் நாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டியல் முந்தைய நாள் மாலையே போயிருந்தது. சேர்க்க முடியுமா என்று சார் என் எதிரிலேயே போன் செய்து கேட்டார். முடியாது என்றார்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கோப்பில் வைத்தார். நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். என் வேலையைப் புதுப்பித்தார்கள். அந்த இரண்டு நாள் எதற்காகப் பயந்தேனோ அது வரவே இல்லை என்பதை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

மறுபடி எண்ணி, மாணவர்களை வைத்துச் சரியாக எண்ணி, இறுதி அறிக்கை போனது. சிக்னல் கொஞ்சம் புகையைக் குறைத்தது, பெரிதாக இல்லை. ஆனால் அறிக்கையில் எல்லோரும் பாராட்டியது வேறொரு பகுதி. நொடிப் பலகையைப் பார்த்து யார் எஞ்சினை நிறுத்துகிறார்கள், யார் நிறுத்துவதில்லை, லாரிக்காரர்கள் ஏன் நிறுத்தப் பயப்படுகிறார்கள் என்ற பகுதி. சிவப்பு நேரத்தை எப்படிப் பிரித்தால் அதிகம் பேர் சாவியைத் திருப்புவார்கள் என்பது வரை அதிலிருந்து கணக்குப் போட முடிந்தது. அது முழுக்க அவருடைய புள்ளிகள். கீழே அவர் பெயரைப் போடச் சொல்லிச் சண்டை போட்டேன். இந்த முறை உடனே, வாயாலும் எழுத்தாலும் போட்டேன். 'கணக்கெடுப்பாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தது.

அறிக்கைப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்கு ஒருநாள் போனேன். வீடு பூட்டியிருந்தது. எல்லோரும் தோட்டத்தில் என்றார் பெட்டிக்கடைக்காரர். பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். போய்ச் சேர்ந்ததா தெரியாது. அதற்கு மேல் தேடிப்போகவில்லை. நேரில் பார்க்கத் துணிவில்லை என்பதுதான் உண்மை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள் காலை ஸ்கூட்டியில் அதே முனையில் சிவப்புக்கு நின்றேன். பலகையில் நிறைய நொடி இருந்தது, சாவியைத் திருப்பினேன். பக்கத்தில் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. இருக்கையெல்லாம் நிரம்பி, நடுவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். ஒரே மாதிரி சீருடைக் கோட்டு. அதில் ஒருவர் குனிந்து ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். அவர்தான்.

எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "எப்படி இருக்கீங்க?" என்று கத்தினேன்.

அவர் பலகையை ஒருமுறை பார்த்தார். அணைக்காத எஞ்சினில் பஸ் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது, புகை என் முகத்தில் அடித்தது.

"நின்னுனுதான் இருக்கேன் மேடம்" என்றார்.

பச்சை விழுந்தது. பஸ் போய்விட்டது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நான் சாவியைத் திருப்பவே மறந்திருந்தேன்.